நான் பூட்டச் சொன்ன அட்டவணை

திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு என் மேசைக் கணினியில் ஒரு வரி வந்தது. வாக்குமூலங்கள் என்ற அட்டவணையைப் படிக்க எனக்கு அனுமதி இல்லை. கடவுச்சொல்லைத் தவறாகத் தட்டியிருப்பேன் என்று மறுபடி நுழைந்தேன். அதே வரி. மூன்றாவது முறையும் அதே வரி. எனக்கு எதிரே, பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், அந்த அட்டவணைக்குள் இருந்த இரண்டு பக்கங்களுக்காக ஒரு பெண் காத்திருந்தார்.

அவருக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். இருக்கும் என்றுதான் சொல்ல முடியும். பாலிக் புலாவில் ஒரு டுரியான் பழத் தோட்டத்துக் கொட்டகையில் பிறந்தவர். பிறப்பு பதிவாகவில்லை. சில மாதங்களில் தாய் தோட்டத்தை விட்டுப் போய்விட்டார். அடையாள அட்டை இல்லாததால் பள்ளியில் சேர்க்கவில்லை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் தட்டு கழுவுகிறார். வங்கிக் கணக்கு கிடையாது. கைப்பேசி எண் கடைக்காரர் பெயரில் இருக்கிறது. குடியுரிமைக்கு இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் நிராகரிக்கப்பட்டார். இந்த நாட்டில்தான் பிறந்தார் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல ஒரு சாட்சியின் தாள் இல்லை என்பது காரணம். மூன்றாவது விண்ணப்பத்துக்கான நேர்காணல் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. சாட்சியின் தாளை அன்று கொடுக்க வேண்டும்.

சாட்சி இருந்தார். பிரசவத்தின்போது கூடவே இருந்த பக்கத்துக் கொட்டகை அம்மாள். அந்த இரண்டு நிராகரிப்புக்கும் பிறகு, நான்கு ஆண்டுகளுக்கு முன் அவரைத் தேடிப் பிடித்து வாக்குமூலம் எழுதியவன் நான். சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் கைநாட்டு, முத்திரை, எல்லாம் முறைப்படி நடந்தது. மறு ஆண்டு அந்த அம்மாள் இறந்துபோனார். மூலத் தாளை இந்தப் பெண்ணிடம் கொடுத்திருந்தோம். அவருடைய வாடகை அறைக்குள் வெள்ளம் இடுப்பளவு ஏறிய நாளில் அது கூழாகிவிட்டது. ஆணையரும் தொழிலை விட்டுவிட்டார். அவருடைய பதிவேட்டில் தேதியும் பெயரும் இருக்கலாம், பக்கங்கள் இருக்காது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஸ்கேன் படி.

"என்ன அண்ணே, கொம்புட்டர் ஹேங் ஆயிருச்சா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. திறக்க மாட்டேங்குது."

"பூட்டுனது யாரு?"

"நான்தான் பூட்டச் சொன்னேன்."

"அப்ப சாவி உங்ககிட்டதானே இருக்கும்," என்று சிரித்தார்.

சாவி என்னிடம் இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இருபத்தாறு ஆண்டுகள் பத்திரிகையில் இருந்தேன். செய்தி தந்தவரைக் காட்டிக்கொடுக்கக்கூடிய எதையும் கையில் வைத்திருக்கக் கூடாது என்று எனக்குப் பழக்கியிருந்தார்கள். செய்தி அச்சானதும் குறிப்பேட்டைக் கிழிப்போம். ஓய்வு பெற்ற பிறகு, அடையாள ஆவணம் இல்லாத தமிழர்களுக்கு விண்ணப்பம் எழுதித் தரும் ஒரு சிறு குழுவில் சேர்ந்தேன். நாங்கள் ஐந்து பேர். வாக்குமூலம் கொடுத்தவர்களில் பலர் பயந்தவர்கள். பெயர் வெளியே தெரிந்தால் வேலை போகும், யாராவது வந்து பிடித்துப் போவார்கள் என்ற பயம். அதனால் பழைய விதியை இங்கேயும் கொண்டுவந்தேன். மூலம் உரியவரிடம், ஸ்கேன் படி ஓர் இடத்தில், மற்றதெல்லாம் தாள் அரைக்கும் இயந்திரத்தில். நானே நின்று அரைத்தேன்.

அந்த 'ஓர் இடத்தை' அமைத்தவர் எங்கள் நண்பர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் கணினிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இணையத் தளங்களுக்கு இடம் வாடகைக்கு விடும் நிறுவனம் ஒன்றில் தன் பெயரில் கணக்கு திறந்து, தளத்தையும், எல்லாவற்றையும் அட்டவணைகளாகச் சேமிக்கும் அதன் டேட்டாபேசையும் உருவாக்கினார். வாக்குமூல அட்டவணையை நம் குழுவில் மூன்று பேர் படிக்கும்படி வைக்கலாம் என்றார். நான் மறுத்தேன்.

"உரிமையாளரத் தவிர யாரும் தொடக்கூடாது. நான் உட்பட," என்றேன்.

"யோவ், உரிமையாளர்னா என் லாகின்தான். நாளைக்கு நான் மண்டையப் போட்டா?"

"போட மாட்டீங்க லா."

"எழுதிக் குடுப்பீங்களா?"

சிரித்தோம். அவர் நான் சொன்னபடியே செய்தார். ஒன்றரை ஆண்டுக்கு முன், மருத்துவமனைப் படுக்கையில், கணக்கின் கடவுச்சொல்லை ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். அது எல்லாவற்றுக்கும் போதும் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

அவர் போன பிறகு நிறுவனம் எங்களைக் கேட்காமலேயே கணக்குகளைப் புதிய சர்வருக்கு மாற்றியிருந்தது. ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கானவர்களின் தளங்கள் இருக்கும். அடுக்குமாடி வீடு மாதிரி. ஒவ்வொருவரும் தன் கதவைத் திறக்கலாம். எல்லாக் கதவையும் திறக்கும் அதிகாரம் நிர்வாக அலுவலகத்துக்கு மட்டுமே உண்டு. மாற்றத்தின்போது எங்கள் கணக்குக்குப் புதிய பயனர் பெயர் வந்தது. அட்டவணைகளோ பழைய பயனர் பெயரையே உரிமையாளராகச் சுமந்துகொண்டு இடம் மாறின. அந்தப் பழைய பெயரில் இனி யாரும் நுழைய முடியாது. அறிவிப்புகள், படிவ விளக்கங்கள் போன்ற அட்டவணைகளை யாரும் படிக்கலாம் என்று முதலிலேயே விட்டிருந்ததால் தளம் பழுதில்லாமல் ஓடியது. எதுவும் மாறியதாக யாருக்கும் தெரியவில்லை. பூட்டச் சொன்ன ஒன்று மட்டும் பூட்டிக்கொண்டது.

மாதந்தோறும் எனக்குக் காப்புப் படி ஒன்று மின்னஞ்சலில் வரும். அன்றுதான் முதல்முறையாக அதைத் திறந்து பார்த்தேன். படியெடுத்ததும் அதே புதிய பயனர் பெயர்தான். அந்தப் பெயருக்குப் படிக்க அனுமதி இல்லாத அட்டவணையை விட்டுவிட்டு மற்றவை ஒழுங்காக வந்திருந்தன.

நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். உரிமையை மாற்ற வேண்டுமென்றால் கணக்கின் சொந்தக்காரர் தம் அடையாள அட்டைப் படியுடன் கேட்க வேண்டும் என்று பதில் வந்தது. அவர் இறந்துவிட்டார் என்று எழுதினேன். அப்படியானால் வாரிசின் கடிதம், இறப்புச் சான்றிதழ், வாரிசின் அடையாள அட்டை என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை நண்பரின் வீடு இருந்த கெலுகோர் போனேன். அவர் மனைவி ஓய்வு பெற்ற ஆசிரியை. முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு நான் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. அவர் கம்பிக் கதவைத் திறக்காமல், உள்ளேயிருந்து என்னைப் பார்த்தார்.

"வாங்க, பத்திரிகைக்காரரே. மனுசன் போனதும் வழி மறந்திருச்சோ?"

"தப்புதான் அக்கா."

"தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா?" என்று கதவைத் திறந்தார். "உட்காருங்க. என்ன காரியம்? காரியம் இல்லாம வர மாட்டீங்க."

சொன்னேன். அவர் இடையில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முடித்ததும், "அவரு லாகின் எல்லாம் எனக்கு எப்படித் தெரியும் தம்பி? முப்பத்தொரு வருசம் ஒரே வீட்ல இருந்தோம், டிவி ரிமோட்டையே கையில குடுத்ததில்ல அந்த மனுசன்," என்றார். பிறகு எழுந்து போய் ஒரு கோப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இறப்புச் சான்றிதழ் மேலேயே இருந்தது. நான் தயாரித்துக் கொண்டுபோன கடிதத்தைப் படித்து, இரண்டு வாக்கியங்களை அடித்து, சுருக்கி எழுதி, கையெழுத்துப் போட்டார்.

"அந்தப் பொண்ணு வயசு என்ன?"

"முப்பத்தெட்டு இருக்கும்."

"இத்தன வருசமா ஐசி கார்டு இல்லாமலா?" என்று பேனாவை மூடினார். "நீங்க எல்லாம் என்னத்தப் பூட்டி வெச்சீங்க? யாருக்காகப் பூட்டி வெச்சீங்க?"

கடிதத்தையும் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அன்று மதியமே எல்லாவற்றையும் அனுப்பினேன். புதன்கிழமை முழுவதும் உதவிப் பிரிவின் அரட்டைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செய்தியின் முதல் பத்தி எழுதுவதுபோல் எழுதினேன்: யார், என்ன, எங்கே, எத்தனை மணிக்கு. நாளைக் காலை பத்து மணிக்கு நேர்காணல், அந்தத் தாள் இல்லாவிட்டால் ஒருவர் குடியுரிமையை இழப்பார். எழுதிவிட்டு 'இழப்பார்' என்ற சொல்லைப் பார்த்தேன். இல்லாததை இழக்க முடியாது. 'பெறமாட்டார்' என்று திருத்தி மறுபடி அனுப்பினேன். உங்கள் அவசரம் எங்களுக்குப் புரிகிறது, மூன்று முதல் ஐந்து வேலை நாட்கள் ஆகும் என்று பதில் வந்தது. அன்று நான்கு வெவ்வேறு ஆட்கள் பதில் எழுதினார்கள். நான்கு பேருக்கும் என் அவசரம் புரிந்திருந்தது.

வியாழக்கிழமை அந்தப் பெண்ணும் நானும் பதிவிலாகாவின் கூடத்தில் எண் சீட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் கடையில் இரண்டு மணி நேரம்தான் விடுப்புச் சொல்லியிருந்தார். ஈரத்திலேயே இருந்து வெளுத்த விரல்களால் பிளாஸ்டிக் உறையைப் பிடித்திருந்தார். உறைக்குள் கடைக்காரரின் கடிதம், இரண்டு நிராகரிப்புக் கடிதங்கள், நான்கு புகைப்படங்கள். என் மடியில் மடிக்கணினி.

பத்து இருபதுக்குச் செய்தி வந்தது. டேட்டாபேசின் உரிமையாளர் மாற்றப்பட்டார், உங்கள் கோரிக்கை முடிக்கப்பட்டது. நான் அவரிடம், "வந்திருச்சும்மா," என்றேன். செய்தியை உறுதிப்படுத்தாமல் சொல்லக் கூடாது என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர் கண்ணை மூடி, வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்.

உள்ளே நுழைந்தேன். டேட்டாபேசின் உரிமையாளர் என்ற இடத்தில் எங்கள் புதிய பயனர் பெயர் இருந்தது. அட்டவணையைத் திறந்தேன். படிக்க அனுமதி இல்லை.

டேட்டாபேசுக்கு உரிமையாளர் வேறு, அதற்குள் இருக்கும் அட்டவணைக்கு உரிமையாளர் வேறு என்பதை அந்தக் கூடத்தில்தான் கற்றுக்கொண்டேன். வீட்டுப் பத்திரத்தில் பெயரை மாற்றிவிட்டார்கள். உள்ளே அலமாரியின் பூட்டு பழைய ஆளுடையது. அதை மாற்ற பழைய ஆள் வர வேண்டும், அல்லது நிர்வாக அலுவலகம் வர வேண்டும். அரட்டைப் பெட்டியில் இதை எழுதிக்கொண்டிருந்தபோது எங்கள் எண்ணை அழைத்தார்கள்.

அதிகாரி நடுவயது மலாய்ப் பெண். கடுமையானவர் அல்ல. கோப்பை ஒருமுறை முழுக்கப் புரட்டிவிட்டு, "பிறப்பைப் பார்த்தவரின் வாக்குமூலம்?" என்று மலாயில் கேட்டார்.

நான் விளக்க ஆரம்பித்தேன். சர்வர், உரிமை, பழைய பயனர். அவர் மூன்று நிமிடம் பொறுமையாகக் கேட்டார்.

"ஐயா, தாள் இருக்கிறதா, இல்லையா?"

"இருக்கிறது. ஆனால் இன்று கையில் இல்லை."

"நீங்கள் அந்த வாக்குமூலத்தை நேரில் கேட்டவர்தானே. அவர் சொன்ன பிறந்த தேதி என்ன?"

எனக்கு ஞாபகம் இல்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் எழுதியிருக்கிறேன். நிச்சயமில்லாததைச் சொல்லி, அது தாளில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால் எல்லாமே கெடும். ஞாபகம் இல்லை என்றேன். பக்கத்தில் அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தது தெரிந்தது.

அதிகாரி படிவத்தில் எழுதினார்: இணைக்கப்படவில்லை. ஏழு வேலை நாட்களுக்குள் கொண்டுவந்தால் சேர்த்துக்கொள்வேன், அதற்குப் பிறகு கோப்பு உள்ளபடியே மேலிடத்துக்குப் போகும் என்றார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். பிறகு, "ஒரு தேதி சொல்லியிருக்கலாம்ல அண்ணே," என்றார். குரலில் கோபம் இல்லை. பஸ் வந்தது, ஏறிப் போனார்.

அட்டவணைகள் வாடிக்கையாளரின் உள்ளடக்கம், அவற்றை நாங்கள் தொடுவதில்லை என்று நிறுவனம் எழுதியது. அந்த வாடிக்கையாளர் நாங்கள்தான் என்று எழுதினேன். அப்படியானால் நீங்களே மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். மாற்ற முயன்று, வந்த மறுப்பு வரியைப் படம் பிடித்து அனுப்பினேன். புதிய கோரிக்கை எண் கொடுத்தார்கள். மறுபடி மூன்று முதல் ஐந்து வேலை நாட்கள்.

பாலிக் புலாவுக்குப் போனேன். தோட்டம் இரண்டு கை மாறியிருந்தது. கொட்டகைகள் இருந்த இடத்தில், பழம் விழ வலை கட்டிய டுரியான் மரங்கள் காய்த்திருந்தன. வேலை செய்தவர்களில் எவரும் பத்து ஆண்டுக்கு முன் அங்கே இருந்தவர்கள் இல்லை. வீட்டுக்கு வந்து, அந்த அம்மாள் சொன்னதை நான் கேட்டேன் என்று ஒரு வாக்குமூலம் எழுத உட்கார்ந்தேன். நாலு வரிக்கு மேல் உறுதியாக எழுத ஒன்றும் இல்லை. மழை பெய்தது என்று அவர் சொன்னாரா, நான் சேர்த்துக்கொள்கிறேனா என்றே தெரியவில்லை. கிழித்துப் போட்டேன்.

அந்தப் பெண் ஒருமுறைகூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நாளுக்கு ஒருமுறை, மதியக் கூட்டம் வடிந்த பிறகு, கடைக்காரர் பெயரில் உள்ள எண்ணிலிருந்து அழைப்பார்.

"ஆச்சா அண்ணே?"

"இன்னும் இல்லம்மா."

"சரி லா."

அவ்வளவுதான். பின்னால் தட்டுகள் மோதும் சத்தம் கேட்கும்.

ஏழாவது வேலை நாள் காலை பத்து மணிக்கு மறுபடி கெலுகோர் வீட்டில் இருந்தேன். நடந்ததைச் சொன்னதும் அக்கா வெங்காயக் கூடையை நகர்த்தி வைத்துவிட்டு, "நம்பர் குடுங்க. எழுதி எழுதி என்னத்தக் கிழிச்சீங்க?" என்றார். கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டார். மூன்று ஆட்களிடம் மாற்றி மாற்றி விட்டார்கள். நான்காவதாக வந்த மேற்பார்வையாளரிடம், ஆங்கிலத்தில், வகுப்பறைக் குரலில் பேசினார்.

"மிஸ்டர், நான் உங்களத் திட்டக் கூப்பிடல. ரெண்டு கேள்வி. அந்த அட்டவணை யார் பேர்ல இருக்கு?"

"பழைய பயனர் பெயரில், மேடம்."

"அது என் வீட்டுக்காரர். அவரப் பொதைச்சது நான். அவரு வந்து மாத்துவாரா?"

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"மாட்டாரு. அப்ப மாத்தக்கூடிய ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். நான் லைன்லயே இருக்கேன். வெங்காயம் உரிக்கணும், எனக்கு அவசரமில்ல. அந்தப் பொண்ணுக்குத்தான் அவசரம்."

ஐம்பது நிமிடம் லைனில் இருந்தார். காத்திருப்பு இசை ஒலித்துக்கொண்டே இருந்தது. ஒரு கிலோ வெங்காயம் உரித்து முடித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அட்டவணையைத் திறந்து பார்த்தேன். படிக்க அனுமதி இல்லை. படிக்க அனுமதி இல்லை. பதினொன்றரைக்குச் சற்று முன் திரையில் வரிசை வரிசையாகப் பெயர்கள் இறங்கின. முதலில் என்னவென்றே விளங்கவில்லை.

"என்னா? செத்துட்டீங்களா? சொல்லுங்க," என்றார் அக்கா.

"திறந்திருச்சுக்கா."

அவர் மேற்பார்வையாளருக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டு, வெங்காயத்தை அள்ளிக்கொண்டு எழுந்து போனார். அடுப்படியில் குழாய் நீண்ட நேரம் ஓடியது.

மதியம் இரண்டரைக்குப் பதிவிலாகாவின் கூடத்தில் மறுபடி நாங்கள் இருவர். இந்த முறை தாள் அவர் கையில் இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்கத் தெரியாது. மலாயில் எழுதியிருந்ததால் அந்த அம்மாளுக்குக்கூட அன்று படித்துக்காட்டித்தான் கைநாட்டு வாங்கினோம்.

"என்னா போட்டிருக்கு, படிங்க அண்ணே."

தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். அதிகாரி கேட்ட தேதி முதல் வரியிலேயே இருந்தது. நண்பகல் கழிந்து சிறிது நேரம். கொட்டகையில் வேறு ஆள் இல்லை. தாயின் பெயர், அவருடைய அடையாள அட்டை எண். குழந்தை பெண். தொப்புள்கொடியை அறுத்தது அந்த அம்மாள்தான். மழையைப் பற்றி ஒன்றும் இல்லை.

"அப்ப எனக்கு முப்பத்தெட்டு இல்ல. முப்பத்தொம்பது," என்றார். தாளை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா ஏன் போனாங்கன்னு அந்தப் பக்கத்துக் கொட்டகைப் பெரியம்மா சொல்லியிருக்காங்களா?"

"இல்லம்மா. அது படிவத்துக்கு வேணாம்னு நான் கேக்கல."

அவர் தலையை ஆட்டினார். எண்ணை அழைத்தார்கள்.

அதே அதிகாரி. தாளை வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தார். மூலம் இல்லையா என்றார். வெள்ளத்தைப் பற்றிச் சொன்னேன். ஓரத்தில் 'படி மட்டும்' என்று எழுதி, கோப்பில் சேர்த்துத் தைத்தார். ஏற்பார்களா என்று கேட்டேன். அது என் கையில் இல்லை, கடிதம் வரும் என்றார். எப்போது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. இதை எழுதும்போது பதினோரு மாதம் ஆகிறது. கடிதம் வரவில்லை.

அன்று வெளியே வந்து பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் அவர் ஒரு ஜெராக்ஸ் கடை முன்னால் நின்றார். என் கையில் இன்னொரு பிரதி இருப்பது அவருக்குத் தெரியும். கையை நீட்டினார். கொடுத்தேன்.

"எத்தனை காப்பி?" என்று கடைக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பத்து," என்றார் அவர்.

"பத்து காப்பியாம்மா? எதுக்கு?" என்றேன்.

"கடையில ஒண்ணு, ரூம்ல ஒண்ணு, உங்ககிட்ட ஒண்ணு, அந்த டீச்சரக்காகிட்ட ஒண்ணு," என்று விரல் விட்டு எண்ணினார். "மிச்சத்துக்கு ஆளு தேடிக்கலாம் அண்ணே."